சாரா கானரும் வெள்ளிக்கிழமை இரவுகளும்

டெர்மினேட்டர் படங்களில் தோய்ந்தவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் 'டெர்மினேட்டர்: தி சாரா கானர் க்ரானிக்கிள்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் பெருமூச்சு விடுவார். ஒருவர் "நகரவே நகராத தொடராயிற்றே" என்பார். இன்னொருவர் பாதியில் நிறுத்திய பாவிகளைச் சபிக்கத் தொடங்குவார். 2009 ஏப்ரலில் ஒளிபரப்பு முடிந்த ஒரு தொடருக்காக இத்தனை ஆண்டுகள் கழித்தும் சண்டையிடுகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் சில விவரங்கள். ஜேம்ஸ் காமரூனின் முதற்படம் 1984-லும் இரண்டாவது படம் 1991-லும் வந்தன. வேறொருவர் இயக்கத்தில் 2003-இல் வந்த மூன்றாம் படத்தில் சாரா கானர் என்ற அந்தத் தாய் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனதாக ஒரே வரியில் சொல்லிக் கதையை நகர்த்திவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜாஷ் ஃப்ரீட்மேன் அந்த மூன்றாம் படத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டாம் படத்தின் முடிவிலிருந்து தம் கதையைத் தொடங்கினார். சாராவும் மகன் ஜானும் அவர்களைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த காமரூன் என்ற இயந்திரப் பெண்ணும் 1999-இலிருந்து காலத்தைத் தாண்டி 2007-இல் வந்து விழுகிறார்கள். (இயந்திரத்தின் பெயர் யாருக்குச் செலுத்தப்பட்ட மரியாதை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

ஃபாக்ஸ் நிலையம் 2008 ஜனவரி 13 அன்று முதற்பகுதியை ஒளிபரப்பியபோது அமெரிக்காவில் அதைக் கண்டவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு ஏப்ரல் 10 அன்று 31-ஆவது பகுதி வெளியானபோது அந்தக் கூட்டம் 40 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இடையில் எங்கே போனார்கள் இத்தனை பேரும்?

போனவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது லீனா ஹெடி. இரண்டாம் படத்தில் லிண்டா ஹாமில்டன் முறுக்கேறிய புயங்களோடு வந்து நின்ற காட்சி பார்வையாளர் மனத்தில் சிலையாகப் பதிந்திருந்தது. அதன் அருகில் மெலிந்த உடலும் தாழ்ந்த குரலுமாக வந்த ஹெடியை நிறுத்தி, "இவரா சாரா?" என்று கேட்டார்கள். பின்னாளில் இதே ஹெடி 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் செர்சியாக வந்து உலகையே நடுங்க வைத்தார். அதே தொடரின் எமிலியா கிளார்க் 2015-இல் வந்த 'டெர்மினேட்டர் ஜெனிஸிஸ்' படத்தில் சாரா கானராக நடித்தார். ஆக அந்த அரியணைக்குப் போட்டியிட்ட அரசியர் இருவருமே சாரா வேடம் பூண்டவர்கள்! இருக்கட்டும்.

ஹாமில்டனின் சாரா, போருக்கு ஆயத்தமாக நின்றவள். ஹெடியின் சாராவோ போரோடு குடித்தனம் நடத்துகிறவள். காலையில் மகனுக்கு ரொட்டி சுட வேண்டும். புதிய ஊரில் புதிய பெயரில் அவனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இரவில் துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். மூன்றாம் படம் ஒரு வரியில் கடந்துபோன அந்தப் புற்றுநோயைத் தொடர் கையில் எடுத்துக்கொண்ட விதம் நம்மை உலுக்கியது. நீ 2005-ஆம் ஆண்டிலேயே புற்றுநோயில் இறந்திருக்க வேண்டியவள், அந்த ஆண்டை நாம் தாண்டி வந்துவிட்டோம் என்று இயந்திரப் பெண் சலனமில்லாமல் சாராவிடம் சொல்கிறாள். சாரா தன்னந்தனியாக ஒரு மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்கிறாள். துப்பாக்கிக் குண்டு துளைக்காத எதிரியைச் சுட்டே பழகிய ஒருத்தி, சுடவே முடியாத ஓர் எதிரியைத் தன் உடம்புக்குள் தேடுகிறாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் தெரியும் அயர்ச்சியை நடிப்புக் குறை என்று சொன்னவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு வேகமின்மை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டாம் பருவத்தின் 22 பகுதிகளில் நடுவிலுள்ள சில உண்மையிலேயே தள்ளாடுகின்றன. இரத்தத்தால் சுவரில் எழுதப்பட்ட குறிப்புகளுக்கு இடையே இருந்த மூன்று புள்ளிகளைத் துரத்திக்கொண்டு சாரா வாரக்கணக்கில் அலைகிறாள். அந்த மூன்று புள்ளிகள் ரசிகர்களிடையே ஒரு கேலிச்சொல்லாகவே ஆகிவிட்டன. முதற்பருவம் இப்படி இல்லை. எழுத்தாளர் வேலைநிறுத்தம் குறுக்கிட்டதால் 13 பகுதிகளாகத் திட்டமிட்டது ஒன்பதோடு நின்றது. அந்தச் சுருக்கமே அதற்கு நன்மையாகவும் அமைந்தது. பருவத்தின் இறுதியில் கூட்டாட்சிப் புலனாய்வினர் படையாகச் சென்று ஒரு டெர்மினேட்டரை மடக்க முயலும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மோதலைக் காட்டவே இல்லை. நீச்சல் குளத்தின் அடியிலிருந்து காமிரா மேல்நோக்கிப் பார்க்கிறது. ஜானி கேஷின் பாடல் ஒலிக்க, ஒவ்வோர் உடலாக நீருக்குள் வந்து விழுகிறது. திரைப்படத்துக்குரிய பணம் இல்லாத இடத்தில் கற்பனை செய்யக்கூடிய வேலை அது. வெடிப்புகளை எண்ணிப் பார்க்க வந்தவர்கள் இதைச் சிக்கனம் என்றார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை.

விவாதம் மிகவும் சூடேறியது காமரூனாக வந்த சம்மர் கிளாவ் பற்றித்தான். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில், வெடிவிபத்தில் சில்லு பழுதடைந்து காமரூன் ஜானையே கொல்லத் துரத்துகிறாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட அவளது மண்டையிலிருந்து ஜான் சில்லைப் பிடுங்கப் போகையில், தான் சரியாகிவிட்டதாகக் கெஞ்சுகிறாள், அவனை நேசிப்பதாகக் கதறுகிறாள். அது உண்மையா, தப்பிப்பதற்கான தந்திரமா? பொய்தான் என்று ஒரு சாரார் அடித்துச் சொன்னார்கள். அப்படியானால் மீண்டும் உயிர்பெற்ற பின், தன்னை அழிக்கக்கூடிய விசையை அவளே ஜானின் கையில் கொடுத்தது ஏன் என்று மறுசாரார் கேட்டார்கள். தொடர் பதில் சொல்லவில்லை. முதற்பருவத்தில் யாரும் பார்க்காத வேளையில் அவள் தனியறையில் பாலே நடனம் ஆடுவதையும், இயந்திரங்களை வெறுக்கும் டெரெக் ரீஸ் கதவோரம் நின்று அதைப் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டால் பதில் இன்னும் விலகிப் போகிறது.

டெரெக்கின் சாவு இன்னொரு சர்ச்சை. முதற்பட நாயகன் கைல் ரீஸின் அண்ணன் இவர். சதுரங்கம் ஆடும் கணினியைச் செய்த ஆண்டி குட் என்ற இளைஞனைக் கொல்ல மனமின்றிச் சாரா அவன் வீட்டை மட்டும் எரித்துவிட்டு வருகிறாள். டெரெக்கோ தயக்கமின்றி அவனைச் சுட்டுவிடுகிறார். அத்தகைய மனிதர், முடிவுக்கு முந்தைய பகுதியில், ஒரு வீட்டுக்குள் நுழைந்த கணத்தில் சுடப்பட்டு விழுகிறார். இறுதி வசனம் இல்லை, இசை இல்லை. பார்வையாளர் பலர் கொதித்தார்கள். போரில் சாவு அப்படித்தான் வரும் என்றே நமக்குப்பட்டது. இருந்தாலும் மனம் சமாதானமாக ஒரு வாரம் ஆயிற்று.

2009 பிப்ரவரியில் தொடரை வெள்ளிக்கிழமை இரவுக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் இளைஞர் வீட்டில் தங்காத இரவு அது. கிளாவ் நடித்த 'ஃபயர்ஃப்ளை' தொடரும் 2002-இல் அதே நிலையத்தில், அதே கிழமையில்தான் உயிர்விட்டது. பழைய ரசிகர்களுக்கு அப்போதே புரிந்துபோயிற்று. உடன் ஒளிபரப்பான 'டால்ஹவுஸ்' தொடருக்கு மறுபருவம் கிடைத்தது, சாராவுக்குக் கிடைக்கவில்லை. மே மாதத்தில் 'டெர்மினேட்டர் சால்வேஷன்' படம் பெரும் செலவில் திரைக்கு வந்தது. அதில் தொடரின் சுவடே இல்லை. கிளைக்கதை என்றால் அடிமரத்துக்குக் கடமைப்பட்டது என்பார்கள். அடிமரம் கிளையைத் திரும்பிக்கூடப் பார்க்காததை இங்கேதான் கண்டோம்.

கடைசிப் பகுதியில் ஜான், காமரூனின் சில்லைத் தேடி எதிர்காலத்துக்குத் தாவுகிறான். சாரா வர மறுத்துப் பின்தங்கிவிடுகிறாள். போய்ச் சேர்ந்த இடத்தில் டெரெக் உயிரோடு நிற்கிறார். ஜான் கானர் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. மனிதகுலத்தின் மீட்பன் என்று பிறந்த நாள்முதல் சொல்லப்பட்டு வந்த பையன், தன்னை எவருக்கும் தெரியாத ஓர் உலகில் நிற்கிறான். எதிரே அவன் தந்தை கைல் வருகிறார். காமரூனின் முகம் எவளிடமிருந்து நகலெடுக்கப்பட்டதோ அந்த மனிதப்பெண் ஆலிசனும், ஒரு நாயோடு வருகிறாள். அவள் நாயைத் தடவிக்கொடுக்கக் குனியும்போது ஜானின் கண்கள் கலங்குகின்றன. இது அரைகுறையாக அறுந்துபோன கதை என்று வாதிடும் நண்பர்களிடம் நாம் இந்த ஒரு காட்சியை மட்டும் போட்டுக்காட்டுவது வழக்கம். அவர்கள் மூன்றாம் பருவம் எங்கே என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள்.