எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் பத்திரம்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவர். இருவர் நான் பெற்றவர்கள். மூத்தவள் என் அக்காள் மகள். 2013-ஆம் ஆண்டு அக்காள் காலமானபோது அவளுக்கு ஏழு வயது நிறையவில்லை. தகப்பனார் அதற்கு முன்பே வேறு தோட்டத்துக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமும் கண்டுவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் ஒரு துணிப்பையோடு என் பின்னால் வந்தவள்தான். அன்று முதல் சோறு, சீருடை, பஸ் காசு எல்லாம் எங்கள் பொறுப்பு. அக்காள் பிள்ளை, தம்பி பிள்ளை என்று எடுத்து வளர்க்காத லயம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? அதற்கென்று யாரும் பத்திரம் எழுதிக்கொள்வதில்லை.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். அவர் சம்பளம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. ஆகவே வருமான வரிப் பாரத்தில் மூன்று பிள்ளைகளையும் ஆண்டுதோறும் என் கணக்கிலேயே காட்டிவந்தேன். கணவன், மனைவி இருவரும் வரி கட்டும் வீடுகளில் ஒரே பிள்ளையை இருவருமே முழுதாகக் காட்டக் கூடாது என்று மற்றவர்களுக்கெல்லாம் நான் பாடம் சொன்னதுண்டு!

2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. கவலையில்லாமல்தான் போனேன். அங்கிருந்த அம்மையார் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதில் நிறுத்தினார்.

"இது யார் பிள்ளை?"

"என் அக்காள் பிள்ளை. நான்தான் வளர்க்கிறேன்."

"தத்துப் பத்திரம் இருக்கிறதா?"

இல்லை. அவர் பொறுமையாகவே விளக்கினார். பெற்ற பிள்ளை, கணவன் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை, இவர்களுக்குத்தான் வரிக்கழிவு. வளர்த்ததாகச் சொன்னால் போதாது. குறைத்துக் கட்டிய வரியை அபராதத்தோடு கட்டினேன். தவறு என்னுடையதுதான். 'கேள்வியை முழுதாகப் படி' என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள், பாரத்தின் விளக்கக் குறிப்பை ஒரு நாளும் படித்ததில்லை.

பணம் பெரிதல்ல. 2,000 வெள்ளி கழிவு என்றால் 2,000 வெள்ளியே கைக்கு வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. வரிக்குரிய வருமானத்தில்தான் அது குறையும். இப்போது 6 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 120 வெள்ளி. என்னைச் சுட்டது வேறு. அன்றிரவு விஷயத்தைக் கேட்டவள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்போ இத்தனை நாளும் நான் உங்களுக்கு யாரு, சின்னம்மா?" என்றாள்.

தேசியப் பதிவு இலாகாவில் விசாரித்தோம். பிள்ளையைக் குறைந்தது இரண்டாண்டு தொடர்ந்து வளர்த்திருந்தால் தத்தெடுப்பைப் பதியலாம். ஆனால் பிள்ளைக்கு 18 வயது ஆகியிருக்கக் கூடாது. நீதிமன்ற வழியும் உண்டு, சொத்துரிமை வேண்டுமானால் அதுதான் வழி. ஆனால் வக்கீல் செலவை நினைத்து அந்தப் பக்கம் போகவில்லை. நவம்பரில் அவளுக்கு 18. கையில் சில மாதங்களே இருந்தன.

பெற்ற தகப்பனின் சம்மதமும் வேண்டியிருந்தது. என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து அவரைக் கண்டுபிடித்தார். "பிள்ளையை எங்கிட்டருந்து பிரிக்கப் பாக்குறீங்களா?" என்று முதலில் சத்தம் போட்டாராம். பதினோரு வருஷம் எட்டிப் பார்க்காதவருக்கு அந்தக் கேள்வி கேட்க என்ன உரிமை என்று எனக்கு ஆத்திரம். என் கணவரோ ஒன்றும் பேசாமல் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தார். செப்டம்பரில், சொன்ன நாளில், சலவைச் சட்டையோடு அவர் வந்து நின்றார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது ஐம்பது வெள்ளியை அவள் கையில் திணித்தார்.

2025 ஏப்ரலில் பாரம் நிரப்ப அவளையே பக்கத்தில் உட்காரவைத்தேன். பாலிடெக்னிக்கில் முழுநேர டிப்ளோமா படிப்பதால் அவளுக்கு இப்போது கழிவு 8,000 வெள்ளி. ஆறாம் படிவம் போயிருந்தால் 2,000தான். பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்கும் இடத்தில் 3 என்று அவளே தட்டினாள்.

ஆதாரங்களை ஏழாண்டு வைத்திருக்க வேண்டுமாம். தத்துப் பத்திரத்தைப் பழைய பிஸ்கட் டின்னில், அக்காளின் மரணப் பத்திரத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். அவள் இன்னும் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.