பார்க்கும் தூரம் வேறு, சுடும் தூரம் வேறு

கண்ணு, குலுக்கலில் உன் பேர் விழுந்ததாக உன் அம்மா சொன்னாள். பெண் பிராங்ஹார்ன் ஒன்றுக்கான லைசென்ஸ். வயோமிங்கில் பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்தபட்ச வயது உண்டு. நீ அதைத் தாண்டிவிட்டாய். பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிட்டாய். கோடை முழுவதும் கையில் இருக்கிறது. அதை எப்படிச் செலவழிப்பது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எதைத் தேடிப் போகிறாய் என்று தெரிந்துகொள். பிராங்ஹார்னை ஆன்டிலோப் என்று நாம் சொன்னாலும், ஆப்பிரிக்க, இந்திய மான்களுக்கும் இதற்கும் நேர் உறவு இல்லை. இதன் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனம் மட்டும். நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கி. மணிக்கு 88 கிலோமீட்டர் வரை ஓடும். இன்றைக்கு இந்தப் புல்வெளியில் அதைத் துரத்திப் பிடிக்க எந்த மிருகத்தாலும் முடியாது. பனியுகத்தில் இங்கே இருந்து அழிந்துபோன வேட்டை விலங்குகளுக்குப் பயந்து வந்த வேகம் அது என்று ஜான் பையர்ஸ் என்ற விலங்கியலாளர் விளக்கியிருக்கிறார். கண்கள் பெரியவை, தலையின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருப்பவை. மேய்ந்துகொண்டே தனக்குப் பின்னால் நடப்பதையும் பார்த்துவிடும். மிரண்டால் பின்புறத்து வெள்ளை மயிர் சிலிர்த்து விரியும். வெகுதூரத்தில் நிற்கும் இன்னொரு கூட்டத்துக்கும் அதுவே எச்சரிக்கை.

இப்படிப்பட்ட விலங்கையும் மனிதன் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டான். கோடிக்கணக்கில் இருந்தவை 1920களில் கண்டம் முழுக்கச் சில பத்தாயிரங்களாகச் சுருங்கின. வேட்டைக்குத் தடை போட்டார்கள், பிடித்துக் கொண்டுபோய் வேறு இடங்களில் விட்டார்கள். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. நீ வாங்கும் தோட்டாப் பெட்டியிலும் அந்த 11 சதவீத வரி இருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் பனி இறுகி மந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அடுத்த சீசனில் லைசென்ஸ்களைக் குறைத்தார்கள். உன் கைக்கு வந்த சீட்டு இத்தனையையும் கடந்து வந்தது. அதை மதிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: எந்த நிலையில் சுடமாட்டாய் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது.

ஷர்லி பேசின் போன்ற வெட்டவெளியில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். மலைக்காட்டில் மரம் மறைத்துவிடும், ஆசையும் அங்கேயே நின்றுவிடும். இங்கே 600 கஜத்தில் நிற்கும் மான் பைனாகுலரில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆசை அங்கேதான் ஏமாற்றும். ஆகவே உன் தூரத்தைக் கோடையிலேயே கண்டுபிடி. பிராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். ஒரு சின்ன காகிதத் தட்டு அளவு. தட்டை 100 கஜத்தில் குத்தி வை. மேஜையில் மூட்டை வைத்துச் சுடுவதில் ஸ்கோப் சரியாக இருக்கிறதா என்று தெரியும், நீ சரியாக இருக்கிறாயா என்று தெரியாது. தரையில் உட்கார்ந்து சுடு. முழங்கை எலும்பை முட்டி எலும்பின் மேல் வைத்தால் வழுக்கும். அதற்குச் சற்று மேலே உள்ள கைச்சதை முட்டியில் சாய்ந்திருக்கட்டும். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்து. பிறகு படுத்துச் சுடு, தாங்குகோல் வைத்துச் சுடு, கொஞ்சம் ஓடிவந்து மூச்சு வாங்கும்போது சுடு. ஒரு குண்டுகூடத் தட்டைத் தவறாத தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அது 150 கஜமாக இருந்தால் 150தான். பக்கத்து வீட்டுப் பையன் 400 கஜத்தில் அடித்தேன் என்று சொன்னால் கேட்டுக்கொள், கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

காற்றையும் சேர்த்துப் படி. பலத்த பக்கக்காற்று 300 கஜத்தில் உன் .243 ரைஃபிள் குண்டை ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் போய்ப் படும். அந்த மான் சாக எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பார். காற்று அடிக்கும் நாளில் உன் தூரத்தைப் பாதியாக்கு.

மீதித் தூரத்தை வயிற்றால் ஊர்ந்து போய்த்தான் குறைக்க வேண்டும். பள்ளமான ஓடைத்தடங்களும் மேட்டின் மறுபக்கமும் உனக்கு மறைப்பு. சேஜ்பிரஷ் புதர் முழங்கால் உயரம்தான் இருக்கும். தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி கிடக்கும். தோல் கையுறையும் முட்டிக்கவசமும் இல்லாமல் புறப்படாதே. கையை வைக்கும் முன் பாம்பு இருக்கிறதா பார். பிக்கப்பில் மந்தையைத் துரத்தி, குதித்திறங்கிச் சுடுகிறவர்களைப் பார்ப்பாய். பொதுச் சாலையிலிருந்து சுடுவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டில் அதற்கு இடமில்லை. யார் நிலம் என்று வரைபடத்தில் பார். ரயில்பாதையை ஒட்டிய பகுதிகளில் தனியார் நிலமும் பொதுநிலமும் சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறி வரும். பண்ணைக்காரரிடம் ஆகஸ்டிலேயே நேரில் போய்க் கேள். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டு வா.

பெண் மானுக்கும் சிறுகொம்பு இருக்கலாம். ஆணுக்குத் தாடையோரம் கறுப்புத் திட்டு இருக்கும், கொம்பு பெரும்பாலும் காதைவிட நீளம். இரண்டையும் பார்த்து உறுதி செய். உன் மான் கூட்டத்தில் நின்றால், அதன் பின்னால் இன்னொன்று இல்லை என்று தெரியும்வரை காத்திரு. குண்டு ஊடுருவிப் போகும். மேட்டு உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நின்றால் சுடாதே, அப்பால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஓடுகிற மானைச் சுடவே சுடாதே. சுட்ட பிறகு அது ஓடிவிட்டால், தவறிவிட்டது என்று நீயாக முடிவு கட்டாதே. அது நின்ற இடத்துக்கு நடந்து போய் ரத்தமோ மயிரோ கிடக்கிறதா என்று குனிந்து பார். கிடந்தால், இருட்டும்வரை தேடுவதுதான் அன்றைய வேலை.

விழுந்ததும் சீட்டில் தேதியைக் குறித்துக் கட்டு, உடனே குடலை எடு. செப்டம்பர் வெயில் இறைச்சிக்கு எமன். பிராங்ஹார்ன் கறி நாறும் என்று பலர் முகம் சுளிப்பார்கள். துரத்தி அடித்துப் பிக்கப்பின் பின்னால் வெயிலில் போட்டு ஊரெல்லாம் காட்டினால் எந்தக் கறியும் நாறும். அதன் மயிர் உள்ளே கூடானது, குளிருக்கு நல்ல கம்பளி, செத்த பின்னும் உடல்சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். அதனால் அங்கேயே தோலை உரி. மயிர் தொட்டாலே உதிரும், ஆகவே தோலைப் பிடித்த கையால் கறியைத் தொடாதே. துணிப்பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வை. அடியில் உள்ள வடிகாலைத் திறந்தே விடு, உருகிய தண்ணீரில் கறி ஊறக் கூடாது. பின்தொடையில் ஒரு நல்ல துண்டை அந்தப் பண்ணைக்காரருக்கென்று தனியாகக் கட்டி வை. வீட்டுக்கு வரும் வழியில் அவர் வாசலில் நாம் நின்று கொடுத்துவிட்டு வரலாம்.