டென்னிஸ் கிளப் வாசலில் ஒரு சோற்றுப் பெட்டி

2019 பொங்கல் முடிந்த வாரம். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் கத்திரித் தோட்டம் காய்த்துக் கொட்டியது. மண்டியில் சொன்ன விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை. சொத்தைக் காய்களை மாட்டுக்குப் போட்டுவிட்டு, நல்ல காயாகப் பொறுக்கி இரண்டு கட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். அவள் இருப்பது மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில்.

செங்கல்பட்டு வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில். வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டித் தாம்பரம். நான் சின்னப் பையனாக வந்தபோது ஜன்னல் ஓரம் வயலும் ஏரிக்கரையுமாகத் தெரிந்த இடமெல்லாம் இப்போது வீடுகள்.

பையைப் பார்த்ததும் தங்கச்சி தலையில் கை வைத்தாள். "இவ்வளவு காயை யாருக்குண்ணா குடுக்கிறது? தெருவுல எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் ரொம்பிக் கெடக்கு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "நாளைக்கு என்னோட பெசன்ட் நகர் வாங்க. அங்க ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. யார் வேணா வைக்கலாம், யார் வேணா எடுக்கலாம்."

"காயாவே வெச்சிடலாமா?" என்றேன்.

"அடுப்பு இல்லாதவங்க பச்சைக் கத்திரிக்காயை வெச்சு என்னண்ணா பண்ணுவாங்க?"

மறுநாள் விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கிளறினாள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வதக்கல். ஆறவிட்டுப் பதினைந்து பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் என்ன சாதம், எத்தனை மணிக்குச் செய்தது என்று எழுதி ஒட்டினாள். தாம்பரத்தில் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி, அடையாறு வழியாகப் பேருந்தில் போனோம்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு எலியட்ஸ் பீச் என்றும் பெயர். மணலில் ஒரு வெள்ளை நினைவு மண்டபம் நிற்கிறது. 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. அந்தக் கடற்கரையை ஒட்டியே பெசன்ட் நகர் டென்னிஸ் கிளப். அதன் வாசலில்தான் தங்கச்சி சொன்ன பெட்டி இருந்தது.

கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. பக்கத்தில் ஓர் அலமாரி. அதில் பழைய துணி, செருப்பு, புத்தகம், பொம்மை. பெட்டியின் பெயர் 'ஐயமிட்டு உண்'. ஔவையாரின் ஆத்திசூடியிலிருந்து எடுத்த பெயர். பல் சீரமைப்பு மருத்துவரான பாத்திமா ஜாஸ்மின், தன் 'தி பப்ளிக் ஃபவுண்டேஷன்' மூலம் 2017 ஆகஸ்டில் இதைத் தொடங்கினார். காவலுக்கு ஓர் ஆள், வைப்பவர்கள் விவரம் எழுத ஒரு பதிவேடு. கடித்து மிச்சம் வைத்ததை வைக்கக் கூடாது. நாம் சாப்பிடக்கூடியதாக இருந்தால்தான் வைக்கலாம். எடுப்பவர்களிடம் கேள்வி கிடையாது.

பொட்டலங்களை அடுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தோம். உள்ளே பந்து அடிக்கும் சத்தம் கேட்டபடி இருந்தது. வயதான ஓர் அம்மா வந்தார். கதவைத் திறந்து ஒரு பொட்டலமும் ஒரு வாழைப்பழமும் எடுத்தார். கதவைச் சரியாக மூடினார். போய்விட்டார். கும்பிடவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை.

தங்கச்சி அப்போதுதான் சொன்னாள். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர் மூழ்கியபோது இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தார்கள். படகில் சாப்பாடு வந்தது. "குடுத்தவங்க நல்லவங்கதாண்ணா. இல்லேன்னா புள்ளைங்க பட்டினிதான். ஆனா நான் கை நீட்டினப்போ ஒருத்தர் போட்டோ எடுத்தாரு. முகத்தைத் திருப்பிக்கிட்டேன். வீட்டுல மூட்டை அரிசி தண்ணியில கெடக்கு, நான் பொட்டலத்துக்கு நிக்கிறேன்." மூன்று வருடமாக அவள் என்னிடம் சொல்லாத விஷயம் அது.

அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியின் அருமை எனக்குப் புரிந்தது. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். இடம், கரண்டு, கவனிக்க ஆள் இருந்தால் போதும். விளையாட்டு கிளப் வாசல் பொருத்தமான இடம்தான். காலையும் மாலையும் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். கொச்சி கலூரில் 2016-ல் ஒரு உணவக வாசலில் இப்படி ஒரு பெட்டி வைத்தார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் லிவர்பூல், எவர்டன் என்று இரண்டு கால்பந்து அணிகள். ஆட்டம் என்றால் பரம வைரிகள். ஆனால் 2015 முதல் இரு அணி ரசிகர்களும் சேர்ந்து, ஆட்டத்தன்று மைதான வாசலில் நின்று உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கிறார்கள்.

நம் ஊர்களில் கபடிக் குழு உண்டு, வாலிபால் பசங்க உண்டு. செய்ய நினைப்பவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாவிட்டாலும் அலமாரி போதும்: அரிசி, பருப்பு, தேங்காய், பூசணி, சேனைக்கிழங்கு வெளியிலேயே தாங்கும். கொய்யா, வெள்ளரி, வாழைப்பழம் வைத்தால் அடுப்பு இல்லாதவருக்கும் உதவும். வாழை, தக்காளி, கத்திரி மூன்றையும் 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் குளிர் தாக்கிக் கெட்டுவிடும். சமைத்த சோற்றை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். அன்றன்றே தீர வேண்டும். அமைப்பாக நடத்துவதென்றால், மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் கொண்டுவந்த விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் வாலிபால் பசங்களிடம் பேசினேன். "அலமாரி நாங்க செய்யறோம் பெரியப்பா" என்றார்கள். அப்புறம் ஒருவன் கேட்டான்: "இது சென்னை இல்லையே. இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எடுக்கிறவங்களை ஊரே பார்க்குமே?"

நியாயமான கேள்வி. பேசிப் பேசி, ரேஷன் கடைக்குப் போகும் வழியில், இருட்டிய பிறகும் திறந்திருக்கும்படி வைக்கலாம் என்று முடிவு செய்தோம். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க அங்கே உட்காரக் கூடாது என்பது முதல் விதி. முதல் நாள் நான் வைத்தது ஒரு தார் வாழைப்பழம். காலையில் போய்ப் பார்த்தேன். காம்பு மட்டும் இருந்தது. உங்கள் ஊரில் வேறு வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.