விண்ணப்பத்திற்கு முன்னே

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பாடசாலைக்கு மேலேயுள்ள தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு என் விடுதிக்கு வந்தார். பெண்ணின் கையில் சாதாரணதரப் பெறுபேற்றுத் தாள் இருந்தது. ஏழு பாடங்களில் 'ஏ' சித்தி.

"புள்ளைய டாக்டருக்குப் படிக்க வைக்கணும் சேர். அதுக்கு என்னா ஃபாரம், எங்க எழுதிப் போடணும்னு சொன்னீங்கன்னா போதும்" என்றார் அவர்.

படிவம் உண்டு, ஆனால் அது கடைசியில் வருவது. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் ஒரே தடவையிற் சித்தியெய்த வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளிகள் வேண்டும். பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு விண்ணப்பங் கோரும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று ஒவ்வொரு மருத்துவ பீடத்தையும் தனித்தனியே விருப்ப வரிசையில் எழுத வேண்டும். இவ்வளவையும் சொன்னேன். பெண் ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டாள்.

சித்தியெய்தினாற் போதுமா என்று கேட்டாள். போதாது. ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் கணித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டு வரும் எண்ணே இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் அந்த எண்தான் வாயிற்காவலன். தசமத்தின் பின் நான்கு இடங்கள் வரை அதனைக் கணிக்கின்றார்கள். நான்காவது இடத்தில் விதி முடிந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், 5 பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. எங்கள் நுவரெலியாவும் அப்பதினாறில் ஒன்று. கேட்டதும் தந்தையின் முகம் மலர்ந்தது. "அப்ப நமக்குன்னு எடம் இருக்குங்களே!"

இருக்கின்றது. ஆனால் 'நமக்கு' என்பது யார்? 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கும் பல்மருத்துவத்துக்கும் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 229 என வேறு வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. அந்த அநீதியைப் பற்றித் தமிழர் நிறையவே எழுதிவிட்டோம். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணம் இழந்ததையும் எழுதினோம். அதே கோட்டாவால் மன்னாரும் மட்டக்களப்பும் பெற்றதை மெல்லிய குரலிற் சொன்னோம். லயத்துப் பிள்ளையைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. மலையக மாவட்டங்களின் சனத்தொகையைக் கணக்கிட்டபோது தோட்டத் தொழிலாளரும் தலைக்குத் தலை எண்ணப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அப்போது நாடற்றவர். அந்தத் தலைகளால் மாவட்டத்துக்கு இடங்கள் கூடின. அத்தலைகளின் பிள்ளைகளோ ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பாடசாலைகளில் இருந்தனர்.

இன்று நிலை மாறியிருக்கின்றது என்பது உண்மை. தோட்டத்திலிருந்து வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள். ஆயினும் எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லை. தமிழ்மொழியில் மூன்று பாடங்களும் உள்ள அயற் பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏற வேண்டும். காலையில் முதல் பஸ் தவறினால் முதற்பாடம் இல்லை.

"கண்டியில என் தங்கச்சி இருக்கு சேர். அங்க பெரிய ஸ்கூல்ல சேத்துட்டா?"

இங்கேதான் நான் தயங்கினேன். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளிற் பெரும்பகுதியை எந்த மாவட்டப் பாடசாலையிற் கழித்தாளோ அதுவே அவள் மாவட்டம். கண்டிக்குப் போனால் ஆசிரியர் கிடைப்பர். ஆனால் அவள் கண்டி மாவட்டத்தவளாகிவிடுவாள். அங்கே வெட்டுப்புள்ளி உயர்ந்தது. வெளிமாவட்டத்தார் பரீட்சைக்கு மட்டும் இங்கே வந்து இடம் பறிப்பதைத் தடுக்கும் விதி அது. நல்ல விதிதான். அதுவே ஆசிரியரைத் தேடிப் போகும் தோட்டத்துப் பிள்ளையையும் தண்டிக்கின்றது. ஆசிரியர் வேண்டுமா, கோட்டா வேண்டுமா என்று பதினாறு வயதில் தீர்மானிக்கச் சொல்கின்றது.

எனக்குத் தயக்கம் வேறொன்றும் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் இன்னொரு பெண் இருந்தாள். தவளையின் இதயத்தைத் தமிழ்க் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தவள். "விஞ்ஞானம் வேண்டாம் அம்மா, கலைப் பிரிவில் சேர், தமிழில் உனக்கு 'ஏ' நிச்சயம்" என்றேன். 'ஏ' வந்தது. ஆசிரியர் அறையில் நான் பெருமை பேசினேன். பௌதிகவியல் ஆசிரியர் கேட்டு நான் ஒரு கடிதமேனும் எழுதவில்லை; நல்ல மாணவி ஒருத்தி எனக்குக் கிடைத்துவிட்டாள் அல்லவா? இப்போது அவள் கீழ்த் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கின்றாள். வந்திருந்தவள் அவளுடைய மாணவி.

"டீச்சர்தான் உங்ககிட்டப் போகச் சொன்னாங்க" என்றாள் பெண், கொப்பியை மூடாமல்.

தந்தையிடம் கண்டி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. போகச் சொல்லவும் முடியவில்லை. இரு மாவட்டங்களின் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிகளைக் கைநூலிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன். பிறகு மூவருமாக அமர்ந்து, அயற் பாடசாலைக்குப் போகும் முதல் பஸ் சந்திக்கு எத்தனை மணிக்கு வருகின்றது, லயத்திலிருந்து இருட்டில் இறங்கி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.