டம்ளர் ஓடிக்கொண்டிருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நான் போட்ட பளபளப்பான கற்களின் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே வாங்கினீங்க டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "பெரியம்மா ராசிக்கல் வியாபாரம் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்ட பிள்ளையும் உண்டு. வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. எல்லாம் நம் வீட்டுப் பின்கட்டில் உருட்டியவை. எப்படி என்று சொல்கிறேன். அதோடு சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அது கடைசியில்.

போன வருடம் பெங்களூரிலிருந்து வந்த மகன், பேரனுக்காக ஒரு இயந்திரம் வாங்கி வந்தான். பெயர் ராக் டம்ளர். கல் டம்ளர் என்றால் கல்லில் செய்த தண்ணீர் டம்ளர் போல என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்தால் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு உருளைகள், மேலே ஒரு ரப்பர் டப்பா. டப்பாவுக்குள் கல்லும் மணலும் தண்ணீரும் போட்டு மூடி ஓட விட்டால் கல் பளபளப்பாகிவிடுமாம். "எவ்வளவு நேரம் ஆகும்பா?" என்றான் பேரன். "ஒரு மாசம்" என்றான் மகன். மூன்றாம் நாளே பேரனுக்கு அலுத்துவிட்டது. லீவு முடிந்து கிளம்பும்போது இயந்திரத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விலை என்ன என்று மகன் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் போன இந்த நான்கு வருடமாக ராத்திரியில் வீடு ரொம்ப அமைதி. உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாள் தூக்கம் வராமல் எழுந்துபோய், சும்மா அந்த மோட்டாரைப் போட்டேன். தூரத்தில் யாரோ கிரைண்டரில் மாவு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் அந்தச் சத்தத்துக்குத்தான் அலுத்துக்கொள்வார்களாம். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது. இப்படித்தான் ஆரம்பித்தேன்.

இனி பாடம். கவனியுங்கள்.

ஆற்றில் கூழாங்கல் எப்படி உருண்டை ஆகிறது? தண்ணீரில் உருண்டு, மணலோடும் மற்ற கற்களோடும் உரசி உரசித்தான். அதே வேலையை இந்த டப்பா செய்கிறது. ஆறு பல வருடம் எடுத்துக்கொள்வதை இது சில வாரங்களில் முடிக்கிறது. இது புதுசு ஒன்றும் இல்லை. குஜராத்தில் காம்பே என்று நாம் படித்த ஊர், இப்போது கம்பாத் என்கிறார்கள். அங்கே கல்மணி செய்பவர்கள், மணிகளையும் அரைப்புப் பொடியையும் தண்ணீரையும் தோல் பைக்குள் போட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டி வந்தார்களாம். நம் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலும் ரொம்பப் பழையது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். அங்கே தோண்டியபோது கல்மணி செய்த இடங்களே கிடைத்தன. ஆக, இந்த வேலை நம் மண்ணுக்கு அந்நியம் இல்லை.

முதலில் கல். எல்லாக் கல்லும் ஆகாது. ஜல்லிக்கல்லைப் போட்டுப் பார்த்தேன். அதில் பல தாதுக்கள் கலந்திருப்பதால் ஒன்று தேய்கிறது, ஒன்று தேயமாட்டேன் என்கிறது. மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலப் பள்ளம். நம் காடுகளில் கிடக்கும் வெங்கச்சங்கல்தான் முதல் தரம். சின்ன வயதில் இருட்டில் இரண்டைத் தட்டிப் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். விரிசல் உள்ளதை எடுக்காதீர்கள், உள்ளே உடைந்துவிடும். பெரிதும் சிறிதும் கலந்து போட்டால்தான் நன்றாக உருளும்.

டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கல் இருக்க வேண்டும். நாலில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் கற்கள் உருளாமல் விழுந்து அடிபடும். நிறைந்தால் நகராது. தண்ணீர் மேல்வரிசைக் கல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றால் போதும். சிலிக்கான் கார்பைடு பொடி, என் சின்ன டப்பாவுக்கு நான்கு மேஜைக்கரண்டி. உப்புத்தாளில் ஒட்டியிருக்குமே, அந்த ஜாதிப் பொடி.

நான்கு கட்டம். முதலில் 60/90 என்று எண் போட்ட பொடி, ரவை போல இருக்கும். பிறகு 120/220, கோலப்பொடி போல. அப்புறம் 500, மைதா மாவு போல. கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு, முகப்பவுடர் மாதிரி. ஒவ்வொன்றும் சுமார் ஏழு நாள், ராப்பகலாக. முதல் கட்டத்தில் அவசரம் கூடாது. கல்லின் வடிவம் அங்கேதான் அமைகிறது. முனையும் பள்ளமும் மாறாவிட்டால் இன்னும் ஒரு வாரம் அதே பொடியில் ஓட விடுங்கள். ஒன்றாம் வகுப்பில் அடித்தளம் சரியில்லாத பிள்ளையைத் தள்ளிவிட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கல்லையும் டப்பாவையும் மூடியையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். ரவைப் பொடியில் நாலு துகள் மெருகுக் கட்டத்துக்குள் போய்விட்டால் போதும், ஒரு வார வேலை கீறலாகிவிடும். எனக்கு ஆனது. கழுவிய சேற்றுத் தண்ணீரை சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்ட் போல இறுகிவிடும். பக்கெட்டில் தெளிய வைத்து, அடியில் நிற்கும் சேற்றை வாசலுக்கு வெளியே ஒரு மூலையில் கொட்டிவிடுகிறேன். இன்னொன்று, கல்லை உலர்வாக உடைப்பதோ, காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் கூட்டுவதோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கம்பாத் கல் பட்டறைக்காரர்கள் பலரை வாட்டிய நோய் அதுதான். எப்போதும் ஈரமாகவே வேலை செய்யுங்கள்.

நடுவில் ஒரு நாள் பெல்ட் அறுந்துபோனது. 96-ல் என்னிடம் படித்தவன், இப்போது மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன், வந்து மாட்டிக்கொடுத்தான். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "அப்ப கையில அடிச்சீங்களே டீச்சர், அதுக்கு இது சரியாப் போச்சுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

அவர் ரிக் வண்டியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து போர் போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒரிசா என்று போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். வரும்போது பேன்ட் பாக்கெட்டில் ஒரு கல் இருக்கும். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் வீட்டுக்காரங்க சேலை கொண்டாந்தா நீங்க கல்லைத் தூக்கிட்டு வர்றீங்களே" என்பேன். "டீச்சரம்மா, இது எந்த ஊர்க் கல் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். விடைத்தாள் திருத்திக்கொண்டே "ம்" கொட்டுவேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட எனக்கு, வீட்டில் ஒருவர் சொன்னதைக் கேட்க நேரமில்லை. அந்தக் கற்கள் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கின்றன.

முதல் தடவை டப்பாவை ஓட்டியபோது வெங்கச்சங்கல்லோடு அந்தப் பாட்டிலிலிருந்தும் ஐந்து கல் எடுத்துப் போட்டேன். அவர் கொண்டுவந்தது பளபளப்பானால் அழகாக இருக்குமே என்ற ஆசை. அதில் ஒன்று வெள்ளைக் கல், பெரிய நெல்லிக்காய் அளவு. ஜபல்பூர் பக்கம் பேடாகாட் என்ற இடத்தில் நர்மதை ஆறு பளிங்குப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே படகில் போனபோது கரையில் எடுத்தது. அந்த ஒரு கதை மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அன்றைக்கு மின்சாரம் இல்லை, விடைத்தாள் திருத்த முடியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் தங்கிவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்து திறந்தால், உள்ளே இட்லி மாவு போல வெள்ளைக் குழம்பு. வெங்கச்சங்கல் எல்லாம் இருந்தது. வெள்ளைக் கல்லைக் காணோம். கை விட்டுத் துழாவினேன். புளியங்கொட்டை அளவில் ஒன்று அகப்பட்டது. மீதியெல்லாம் அந்தக் குழம்பில் கரைந்திருந்தது.

பளிங்கு மென்மையான கல். மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வெங்கச்சங்கல் 7, பளிங்கு 3. மென்மையானதையும் கடினமானதையும் ஒரே டப்பாவில் போட்டால் மென்மையானதுதான் தேயும். ஒரு இரும்பு ஆணியால் கீறிப் பார்த்திருந்தாலே போதும். கீறல் விழுந்தால் தனியாக வைத்திருக்க வேண்டும். சாக்பீஸ் ஏன் தேய்கிறது, கரும்பலகை ஏன் தேய்வதில்லை என்று வருடா வருடம் உங்களிடம் கேள்வி கேட்டவள் நான். என் வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

அந்தக் குழம்பை அன்றைக்குக் கொட்ட மனசு வரவில்லை. இரண்டு நாள் பக்கெட்டிலேயே வைத்திருந்தேன். பிறகு அவர் வைத்த எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினேன். புளியங்கொட்டை அளவுக் கல்லைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது மெருகு ஏறவில்லை. இனி அதை எதிலும் போடப் போவதில்லை.

பாட்டிலில் மிச்சம் 47 கல் இருக்கிறது. எதையும் உருட்டமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் பார்த்த பளபளப்பான கற்கள் எல்லாம் நம் காட்டு வெங்கச்சங்கல்தான். அவருடைய கற்களைக் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, எண் போட்டுப் படம் எடுத்திருக்கிறேன். கீழே இணைத்திருக்கிறேன்.

என் வகுப்பில் படித்த எத்தனையோ பிள்ளைகள் ரிக் வண்டிக்குப் போனீர்கள். சிலர் அவரோடு ஒரே வண்டியில் இருந்தீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "இது அந்த ஊர்ல அண்ணன் எடுத்தது" என்று யாருக்காவது ஞாபகம் வந்தால், எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஊர் பெயர் மட்டும் போதும். கதையும் தெரிந்தால் போனில் கூப்பிடுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் பரவாயில்லை. இந்த முறை கையில் விடைத்தாள் இல்லை, கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு வெங்கச்சங்கல் உண்டு. பிள்ளைகளைக் கூட்டி வந்தால் ஆணி வைத்துக் கீறிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்