செங்கடலின் அடியில் ஒரு காலைப் பொழுது



செங்கடல் என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறுதான். ஃபிர்அவ்னின் படை மூழ்கிய கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற நம் முன்னோரும் இக்கடலைக் கடந்தே ஜித்தாவில் இறங்கினர். ஆயினும் அந்நீரின் அடியில் என்ன இருக்கின்றது என்று எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. இம்மாதம் உங்களை அங்கே அழைத்துச் செல்கின்றேன்.

எகிப்தின் சினாய் தீபகற்பத்தை வரைபடத்தில் பாருங்கள். தலைகீழாய் நிற்கும் முக்கோணம் போல் தோன்றும். அதன் தென்கோடி முனையே ராஸ் முஹம்மத். மேற்கே சூயஸ் வளைகுடா. அதன் சராசரி ஆழம் 40 மீட்டர் அளவே. கிழக்கே அகபா வளைகுடா. அதுவோ 1,800 மீட்டருக்கும் மேல் ஆழ்ந்து செல்கின்றது. ஆழமற்றதும் ஆழ்ந்ததுமாகிய இவ்விரு நீர்களும் செங்கடலோடு கலக்குமிடத்தில் இம்முனை நிற்கின்றது. 1983-ஆம் ஆண்டு எகிப்து அரசு இதனைத் தன் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

கரையில் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு நீரோடையின் ஓரத்தில் சில அலையாத்தி மரங்கள். மற்றபடி வெறும் பாலை. ஆனால் காலடிப் பாறையை உற்று நோக்குங்கள். அதுவே ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடிருந்த பவளம். சிப்பியும் பவள எலும்பும் அதில் பதிந்து கிடக்கின்றன.

ஷர்ம் அஷ்ஷெய்க் நகரிலிருந்து சுபுஹ் தொழுகை முடித்துப் படகில் புறப்பட்டோம். காற்று எழுமுன் இறங்கிவிடுவது நல்லது என்றார் வழிகாட்டி. மாசி, பங்குனியில் நீரின் வெப்பம் 21, 22 பாகை அளவுக்குத் தாழும்; ஆவணியில் 28-ஐத் தாண்டும். நாங்கள் சென்றது கோடையில். தலை முதல் கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடையை அணிந்துகொண்டோம். (நம் பெண்மக்களுக்கும் இவ்வுடையில் சங்கடமேதுமில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கின்றேன்.) இக்கடலில் உப்பு மிகுதி. மற்றக் கடல்களில் ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் என்றால், இங்கே 40 கிராம் அளவு. எனவே உடல் எளிதில் மிதக்கும். அமிழ்வதற்கு இடுப்பில் கூடுதலாக ஈயக் கட்டிகளைக் கட்ட வேண்டும்.

சுப்ஹானல்லாஹ்! இறங்கியதும் வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தை அதுதான். முப்பது மீட்டர் தொலைவிலுள்ளதும் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. முதலில் கடற்சாமந்திகள் படர்ந்த மேடை. ஒவ்வொரு சாமந்தியிலும் ஒரு கோமாளி மீன் குடும்பம். அக்குடும்பத்தில் பெரியவள் பெண். அவள் மாண்டால் அவளுடைய ஆண் துணையே பெண்ணாக மாறிவிடுகின்றது! பாறையோரம் மேகம்போல் மொய்க்கும் ஆரஞ்சு நிறச் சிறுமீன்களிடமோ இதற்கு நேர்மாறு. அங்கே பெண் ஆணாகின்றது. படைத்தவனின் கணக்கு நமக்கு எங்கே புலப்படும்?

மேடையைக் கடந்தால் அடியற்ற நீலவெளி. அதைத் தாண்டித்தான் 'சுறாப் பாறை' எனப்படும் செங்குத்துச் சுவரை அடைய வேண்டும். நடுவழியில் நீரோட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. கால் உதைத்தேன், நகரவில்லை. மேலும் உதைத்தேன். மூச்சு இரைத்தது. சிலிண்டரின் முள் கண்ணெதிரே இறங்குகின்றது. வழிகாட்டி வந்து என் தோளைப் பற்றி, 'உதைக்காதே, ஓட்டத்தோடு வா' என்று கையால் காட்டினார். அவர் சொற்படி விட்டுக்கொடுத்ததும் நீரோட்டமே எங்களைச் சுவரருகே கொண்டு சேர்த்தது.

அங்கே மென்பவளங்கள் ஓட்டத்தில் விரிந்து இரை தேடிக்கொண்டிருந்தன. நம்மூர்ச் சங்கராவின் உறவான பெரிய மீன்கள், முட்டையிடும் பருவமாதலால், நூற்றுக்கணக்கில் சுழன்றன. அப்பால் சீலா மீன்களின் கூட்டம். பெயருக்கேற்ற சுறா ஒன்றையும் காணோம். முன்போல் இப்போது அவை எளிதில் தென்படுவதில்லையாம். இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியன் மீன் ஒன்று அருகே வந்து என்னைக் கண்ணுருட்டிப் பார்த்தது. முற்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் அவற்றுக்கு அவித்த கோழிமுட்டை ஊட்டினார்களாம்! இப்போது அதற்குத் தடை.

அடுத்த பாறையில் சிரிப்பூட்டும் காட்சி. 1980-இல் 'யோலண்டா' என்ற சைப்ரஸ் நாட்டுச் சரக்குக் கப்பல் இங்கே மோதி மூழ்கியது. பின்னாளில் கப்பல் ஆழத்துக்குச் சரிந்துவிட்டது. அதன் சரக்கு மட்டும் சிதறிக் கிடக்கின்றது. சரக்கு என்ன தெரியுமா? கழிப்பறைப் பீங்கான்களும் குளியல் தொட்டிகளும்! அவற்றுள் மீன்கள் குடியிருக்கின்றன.

மேலேறும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் வழிகாட்டி நிறுத்தினார். மூன்று நிமிடம் அங்கேயே மிதக்க வேண்டும். ஆழத்தில் பத்து மீட்டருக்கு ஒரு மடங்காக அழுத்தம் கூடுகின்றது. சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்தில் கரைகின்றது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழியாகி மூட்டுகளையும் முதுகுத் தண்டையும் தாக்கும். முந்தைய நாள் வகுப்பில் இதைக் கேட்டபோதே எனக்கு என் சாச்சாவின் நினைவு வந்துவிட்டது.

அவர் மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். மூச்சடக்கிக் குளித்தவரை ஒன்றும் ஆகவில்லை. பின்னர் 1990-களில் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, மணிக்கணக்கில் அடியில் கிடந்து சங்கெடுத்தார். ஒருநாள் பை நிறைந்ததும் விருட்டென மேலே வந்தார். படகிலேயே இரு கால்களும் மரத்துப்போயின. அன்றுமுதல் ஊன்றுகோல்தான். காற்றுச் சேட்டை என்று ஊரில் சொன்னார்கள். ஓதிப் பார்த்தார்கள், எண்ணெய் தடவினார்கள். மெல்ல ஏற வேண்டும் என்று குழாயைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷர்மில் இந்நோய்க்கென்றே அழுத்த அறை வைத்திருக்கின்றார்கள்.

அந்த மூன்று நிமிடமும் என் கண்முன் கிளிமீன் ஒன்று பவளத்தைக் கடித்து மணலாக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்று சொல்வதற்கில்லை.

படகின் தளத்தில் ளுஹர் தொழுதுவிட்டு, கரை சேர்ந்ததும் சாச்சாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நைட்ரஜனையும் குமிழியையும் மூன்று நிமிடத்தையும் விளக்கினேன். நீண்ட நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"அம்புட்டுதானா? மூணு நிமிசமா?" என்றார். சற்றுப் பொறுத்து, "சரி வாப்பா... தண்ணி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டார்.