வழக்கமும் சிறுமியரும்

வழக்கம் என்னும் சொல்லுக்கு நாம் கொடுத்துள்ள பெருமை அளவிறந்தது. முன்னோர் செய்தனர், யாமும் செய்கின்றோம் என்று கூறிவிட்டால் வினவுவோர் வாய் அடைபட்டுவிடுகின்றது. ஆயின், அவ்வழக்கத்திற்கு விலை கொடுப்போர் யாவர்? பெரும்பாலும் வாய்திறக்கலாகாத சிறுமியரே.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பிறவிடங்களிலும் சிறுமியரின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் கொடுமை நடைபெறுகின்றது. இவ்வாறு துன்புற்று வாழும் பெண்டிர் 23 கோடிக்கு மேற்பட்டோர் என ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2024-ஆம் ஆண்டில் கணக்கிட்டது. நம் இந்தியாவிலும் தாவூதி போரா வகுப்பினரிடை இஃது உண்டு; அதனை எதிர்த்த வழக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏறியது. இவற்றைப் படித்தபோது, நம் ஊரில் இஃது இல்லையே என்று ஆறுதலுற்றேன். உடனே ஒரு முகம் நினைவில் எழுந்து அவ்வாறுதலைப் பறித்தது.

என் தந்தையார் கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில் பணிபுரிந்தமையால், யான் எட்டாம் வகுப்பை ஆங்குப் பயின்றேன். வகுப்பில் முதன்மை பெற்றவள் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு சிறுமி. மாசித் திங்களில் ஒருநாள் அவள் இடம் வெறுமையாயிற்று. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைத் தாண்டிப் படித்தார். மணம் முடிந்ததென்றனர் சிலர். எவரும் வியந்திலர், யானும் வியந்திலேன். அவ்வாண்டு முதற்பரிசு எனக்குக் கிடைத்தது, மகிழ்ந்து பெற்றுக்கொண்டேன். அஃது என் கைக்கு வந்த வழியை இன்று எண்ணுங்கால் நாணுகின்றேன்.

கத்தியால் அறுப்பதும் தாலியால் பிணிப்பதும் ஒன்றல்ல. எனினும், இரண்டிலும் சிறுமியின் உடலுக்குப் பிறரே உரிமை பூணுகின்றனர். இரண்டிலும் அவள் நன்மைக்கே செய்கின்றோம் என்று அன்புடைய தாயரே கூறுகின்றனர்.

கட்டளை மட்டும் போதாதென்பதற்கு 1929-ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டில் கென்யாவின் கிக்குயு மக்களிடை ஸ்காத்லாந்து மிஷனார் அவ்வறுப்பு வழக்கத்தை விடாதோர் சபைக்கு ஆகார் என விதித்தனர். பலர் சபையை விட்டனரேயன்றி வழக்கத்தை விட்டிலர். அதே ஆண்டில் நம் நாட்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. 1978-இல் அஃது 18 ஆயிற்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையையும் மிகுத்தது. அவையெல்லாம் இருந்தும், என் வகுப்பில் அவள் இடம் வெறுமையாயிற்று.

ஆதலின், சட்டத்தோடு அருகில் பள்ளி வேண்டும். இடருற்ற குழந்தைகள் அழைத்தற்குரிய 1098 என்னும் தொலைபேசி எண்ணைச் சிறுமியர் அறிதல் வேண்டும். தாயரோடு பொறுமையாய்ப் பேசுவோர் வேண்டும். இவற்றோடு, வெற்றிடத்தைக் கண்ட அளவில் அவள் எங்கே என்று வினவும் தோழர் ஒருவரேனும் வேண்டும். அன்று யான் வினவிற்றிலேன். நண்பர்காள், நீவிர் வினவுமின்!